வரதராஜன் காரின் ஐந்து வோல்ட்

துபாயிலிருந்து வரதராஜன் கப்பலில் வரவழைத்த கார்தான், எண்பத்தெட்டாம் வருஷத்துத் திருத்தணியில் இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வைத்த முதல் வண்டி. பொதட்டூர்பேட்டையில் அவன் பெற்றோர் வீட்டில் அதற்குப் பூஜை போட்டார்கள். பூஜைக்கு வந்திருந்த அக்கா அம்சாவை மறுநாள் காலை திருத்தணியில் அவள் வீட்டில் விட்டுவரக் கிளம்பினான். கே.ஜி.கண்டிகையில் வண்டி இருமத் தொடங்கியது. எப்படியோ திக்கித் திணறி, அம்சாவின் புருஷன் ஜம்புலிங்கத்தின் ரேடியோ ரிப்பேர் கடை வாசல்வரை வந்தது. அங்கே நின்றது நின்றதுதான்.

வரதராஜன் மதராஸ் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போன் போட்டான். கம்ப்யூட்டர் பெட்டி போயிருக்கும், லாரியில் ஏற்றி அனுப்புங்கள் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு.

அப்போதுதான் அம்சா வாயை விட்டாள். “லாரி எதுக்குடா? உங்க பாவா பாத்தா சரியாப் பூடும்,” என்று புருஷனைக் காட்டினாள்.

“இது இன்னா வால்வு ரேடியோவாக்கா, தட்னா பாடறதுக்கு?” என்று தம்பி சிரித்தான்.

அம்சா சிரிக்கவில்லை. லாரி வருவதற்குள் வண்டி கிளம்பாவிட்டால், இனிமேல் தாய்வீட்டில் தன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றாள். ஜம்புலிங்கம் பயந்துகொண்டே பானெட்டைத் திறந்தான். கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக அவள் தாய்வீட்டில் பேசுவதெல்லாம் அவனைப் பற்றித்தான்.

காரோடு வந்த புத்தகத்தில் ஒயர் படம் இருந்தது. அதை அரைமணி நேரம் படித்ததில் அவனுக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. பெட்டிக்குக் கண் கிடையாது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்பதையெல்லாம் அங்கங்கே உட்கார்ந்திருக்கும் சென்சார்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பெட்டி அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒயரில் ஐந்து வோல்ட் அனுப்புகிறது. ஒவ்வொருவரும் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். பாதி மிதித்தால் ஏறக்குறைய பாதி. அந்தப் பங்கைப் பார்த்துத்தான் பெட்டி பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது.

காற்றுச் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, ஒயர்ப் பக்கம் மல்டிமீட்டரை வைத்தான். பேட்டரிக்குப் பன்னிரண்டு காட்டிய முள், இங்கே ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“பாத்தீங்களா, பெட்டி செத்துப்போச்சு,” என்றான் வரதராஜன்.

“இரு மச்சான். முழக்கோலே குட்டையாப் பூட்டா எந்தத் துணிய அளந்தாலும் தப்பாத்தான் வரும். கோலை ஒடிச்சது பெட்டியா, வேற எவனாவதான்னு பாக்கணும்.”

பொது ஒயர் அல்லவா? ஒருவன் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்லாருக்கும் வோல்ட் இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொருவனாக விலக்கிப் பார்க்க வேண்டும். காற்றுச் சென்சாரைக் கழற்றிய பிறகும் முள் ஏறவில்லை, அவன்மேல் குற்றமில்லை. மீட்டரை அம்சா பார்த்துக்கொண்டாள். அடுத்தவனைக் கழற்றினான், அசைவில்லை. ஆக்சிலேட்டர் சென்சாரின் பிளக்கை இழுத்தான்.

“ஏறிடுச்சுங்க. அஞ்சு.”

சென்சாருக்குள் எட்டிப் பார்த்தான். ஐந்து வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் குறுக்கே பொன்னிறமாக ஏதோ கிடந்தது. சாமண இடுக்கியால் இழுத்தால், ஒரு சாண் சரிகை!

அம்சாவின் தாய்வீட்டில் எந்தப் புது மிஷின் வந்தாலும் தறியிலிருந்து ஒரு சரிகை நூலை அறுத்து அதற்குக் கட்டுவார்கள். பூஜையன்று இன்ஜினுக்குக் கட்டியவள் அம்சாதான். நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தால் நெசவு வீட்டுப் பெண்ணுக்குப் பொறுக்காது. பிளக்கின் ரப்பருக்குள் அதை நன்றாகச் செருகிவிட்டிருந்தாள். ஓட்டத்தின் அதிர்வில் அது உள்ளே நழுவியிருக்கிறது. சரிகை என்பது பட்டு நூல்மேல் சுற்றிய உலோகம்; மின்சாரம் அதில் தாராளமாகப் போகும்.

ஜம்புலிங்கம் கையை மூடிக்கொண்டான். “ஒரு கம்பி எர்த்தாயிகினு இருந்துச்சு மச்சான். பெட்டி நல்லாத்தான் கீது.”

பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. மணி பதினொன்றே முக்கால்.

அம்சா ஜெயித்துவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் மூடிய கையை அவள் பார்த்திருந்தாள். அருகே வந்து, தம்பி எதிரிலேயே விரல்களைப் பிரித்தாள்.

“கம்பி இல்லடா வரதா, சரிகை. நான்தான் கட்டனேன்.”

வரதராஜன் சரிகையையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப வண்டியக் கெடுத்தது நீ, சரிபண்ணது உன் வூட்டுக்காரரா?”

“ஆங். ரெண்டுக்கும் எங்க வூட்லயே ஆளு கீது.”

ஜம்புலிங்கம் பானெட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த பிளக்கை இன்னொரு முறை அழுத்தினான்.