எங்க விட்டேன்?

பிரேக் மாஸ்டருக்குக் கதை சொல்ல வராது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அதை ஒத்துக்கொள்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை விட்டுக் காலை எடுக்கவே மாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர். ஆனால் பாருங்கள், வாயைத் திறந்தால் அங்கே ஒரு பிரேக்கும் கிடையாது.

அவரிடம் இருந்ததே ஒரு கதைதான், கல்யாணமான கதை. அவர் மனைவி அவரிடம் வண்டி பழக வந்த முதல் நாள், ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று தையல்கடை வாசலில் எதையோ இடித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் சட்டை போட்ட ஆள் ஒருவன் குப்புறக் கிடக்கிறான். அவள் அங்கேயே மயங்கிவிட்டாள். இவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். ஓடியவர் மயங்கியவளை விட்டுவிட்டு, கிடந்தவனைப் புரட்டித் தண்ணீர் தெளித்தார். அது கடைக்காரர் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மை.

இவ்வளவுதான். மாஸ்டர் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். அன்று அடித்த வெயில், காரின் நிறம், அந்த நிறம் பிடிக்காத முதலாளி, முதலாளியின் மச்சான் என்று சுற்றிவிட்டு, நடுவழியில் முழித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்புவார்.

“எங்க விட்டேன்?”

“தையல்கடை வாசல்ல.”

“ஆங்! தெளிக்கிறேன், தெளிக்கிறேன், ஆள் கண்ணே தொறக்கல!”

“எப்படித் தொறக்கும்? அதுக்கு மூஞ்சியே இல்லையே!”

கடைசி வரிக்கு முன்பே அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: “பொம்மை எந்திரிக்கவே இல்ல. இவ எந்திரிச்சா. எந்திரிச்சு என்கூடவே வந்துட்டா.” அதற்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அவள் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸின் புது மேனேஜர் வைத்த விருந்திலும் அதுவேதான் நடந்தது. மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க கதை முடியறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்,” என்று காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். “நாலு பேர் முன்னாடி மானம் போகுதுங்க. ஒழுங்காப் பேசக் கத்துக்கோங்க, இல்ல வாய மூடிட்டு இருங்க.”

அவர் அடுத்த வாரமே மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்துவிட்டார். வீம்புக்குச் சேர்ந்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் சொன்னது நியாயம் என்று நம்பிச் சேர்ந்தார், பாவி மனுஷன்.

வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் பயிற்சி நடந்தது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டவள் அவள்தான். முந்திக்கொண்டு சிரித்தால் கைதட்டி நிறுத்துவாள். முதலாளியின் மச்சான் போனான். வெயில் போனது. “தேவையில்லாதத வெட்டுங்க. முக்கியமான வார்த்தைக்கு முன்னாடி மனசுக்குள்ள மூணு எண்ணுங்க,” என்று வகுப்பு வாத்தியார் சொன்னதையெல்லாம் அவளும் சொன்னாள். அவரும் எண்ணினார்.

பயிற்சிப் பள்ளியின் ஆண்டுவிழா வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். அவள் முதல் வரிசையில் இருந்தாள். “வண்டி பழக வந்த ஒருத்தங்க,” என்று தொடங்கினார். யார் அந்த ஒருத்தங்க என்று சொல்லவில்லை. தையல்கடை வாசலுக்கு வந்ததும் நின்றார். அவள் வாய் தன்னால் திறந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து மூன்று எண்ணினார்.

“அப்பதான் பாத்தேன். அதுக்கு மூஞ்சியே இல்ல.”

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. மாஸ்டர் வணக்கம் சொல்லி இறங்கிவிட்டார். அவள் சொல்ல வேண்டிய வரி அது. பொம்மையும் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. மயங்கினவள் மயங்கினபடியே தையல்கடை வாசலில் கிடந்தாள்.

“எப்படி?” என்றார் காரில் உட்கார்ந்ததும். முகமெல்லாம் பல்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு. என்னை ஏங்க விட்டுட்டீங்க?”

“சிரிப்பு வந்த எடத்துல முடிச்சிடணும், அதுக்கு மேல இழுக்கக் கூடாது. நீதானே சொன்ன, தேவையில்லாதத வெட்டுன்னு?”

அதில் குத்தல் துளிகூட இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அந்த விருந்தன்று நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். எந்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தால்தான் என்ன? அவர் வழி தவறுகிற ஒவ்வொரு தடவையும் அவளைத்தானே தேடினார்.

“பழைய மாதிரி ஒரு தடவ சொல்லுங்களேன். எனக்கு மட்டும்.”

“அதுக்கென்ன!” சாவியைக்கூடத் திருப்பாமல் அப்படியே தொடங்கினார். வெயில், நிறம், முதலாளி, மச்சான், எல்லாரும் திரும்பி வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, பிசகே இல்லாமல். தையல்கடை வந்தது. அவள் பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளும் எண்ணினாள்.

“எங்க விட்டேன்?”

அழகாகத்தான் கேட்டார். எங்கே விட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“தையல்கடை வாசல்ல,” என்றாள்.

அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார். முந்திக்கொண்டு சிரிக்கவில்லை. இவ எந்திரிச்சா, எந்திரிச்சு என்கூடவே வந்துட்டா என்ற கடைசி வரி ஒரு எழுத்துகூடச் சிதறாமல் வந்தது. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கை தட்டினாள்.