கூட்டுக் கிணறும் தனிக் கார்டும்

பங்கு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கருத்தக்கண்ணனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். தேனியில் லேப்டாப் விற்கிற மகிழனுக்கு அது எப்படித் தெரியும், பாவம். அவர் பாட்டுக்கு இரண்டு சின்ன லேப்டாப்புகளை எடுத்து மேசையில் வைத்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே சைசுதாண்ணே. இதுல கிராபிக்ஸ் உள்ளயே சேர்ந்து வந்திரும். திரையில படம் காட்டுறதுக்குன்னு தனியா மெமரி கிடையாது. இருக்கிற மெமரியிலயே பங்கு போட்டு எடுத்துக்கிடும். அந்தா, அதுல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு. அதுக்குன்னு சொந்த மெமரி."

"பங்கா?" என்றார் கருத்தக்கண்ணன். "யாரு கூட?"

"பிராசஸர் கூடண்ணே. ரெண்டும் ஒரே மெமரியிலதான் புழங்கும்."

"அப்ப அதத் தூக்கி உள்ள வைங்க. கூட்டுங்கிற பேச்சே எங்கிட்ட ஆகாது. தனியா இருக்கிறதக் குடுங்க."

பக்கத்தில் நின்ற கயல் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கயல் அவருடைய அக்காள் மகள். தேனியில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதற்குத்தான் இந்தத் தாய்மாமன் சீர்.

"மாமா, எனக்கு மொத காட்டுனாரே, அதுவே போதும். நான் தீர்ப்பு படிக்கணும், டைப் அடிக்கணும், அவ்வளவுதேன். படம் பண்றவுக, பெரிய பெரிய கேம் ஆடுறவுக தனி கார்டு வாங்கட்டும். நான் தெனம் பஸ்ஸுல தூக்கிட்டு அலையணும். கனமில்லாம இருக்கணும், சாயந்திரம் வரைக்கும் சார்ஜ் நிக்கணும்."

"நீ சின்னப்புள்ள தாயி. பங்கோட வலி உனக்குத் தெரியாது" என்றார் அவர். தனிக் கார்டு வைத்த லேப்டாப்பைக் கட்டச் சொல்லிவிட்டார். பிடித்தால் பிடித்ததுதான், அந்த ஆளை அசைக்க முடியாது.

பங்கின் வலி என்று அவர் சொன்னது ஒரு கிணறு. அனுமந்தன்பட்டியில் அவருடைய திராட்சைப் பந்தலுக்கும், கயலின் அப்பா சங்கிலியின் பந்தலுக்கும் நடுவில் கிடக்கிற கூட்டுக் கிணறு. ஆளுக்கு மூன்று நாள் முறைத் தண்ணீர். ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில், காய் பருக்கிற நேரத்தில், கருத்தக்கண்ணனின் முறையன்று விடியற்காலையில் சங்கிலி மோட்டாரைப் போட்டுவிட்டார். கேட்டால், "என் முறையில கரண்டே வரல, அதுக்கு ஈடு பண்ணுனேன்" என்றார். அப்படிச் சொன்னது பெரிய தப்பில்லை. அதைக் கருத்தக்கண்ணனிடம் நேராகச் சொல்லாமல் டீக்கடையில் வைத்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் வினையாகிப் போனது. அன்றைக்கு நின்ற பேச்சு. மாமன் மச்சான் இருவரும் ஒரே கல்யாணப் பந்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் அக்காள் மொக்கம்மாள் இருப்பாள்.

இவ்வளவுக்கும் கயலை மட்டும் அவரால் விட முடியவில்லை. காது குத்தும்போது அவர் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை. அவருக்குப் பிறந்த இரண்டும் பையன்கள். அந்த வீட்டு வாசலை மிதிக்க அவருக்கு மிச்சம் இருந்த ஒரே உரிமை அவளுக்குச் செய்கிற சீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சீர் போனது. பழம், தேங்காய், பட்டுப்பாவாடை தாவணி, நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் லேப்டாப். மொக்கம்மாள் அதன் மூடிமேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையையும் சுற்றிவிட்டாள். கருத்தக்கண்ணன் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மாட்டாரே!

"ஆத்தா, அந்தக் கார் ரேஸ் கேமைப் போட்டுக் காட்டு. சனம் பாக்கட்டும்."

கயல் போட்டாள். திரையில் கார்கள் பறந்தன, உண்மையிலேயே பிரமாதமாகத்தான் பறந்தன. கூடவே உள்ளே இருந்த காற்றாடி உறுமத் தொடங்கியது. மடியில் வைத்திருந்தவள் சூடு தாங்காமல் தாம்பாளத்திலேயே இறக்கி வைத்தாள். சங்கிலி சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்.

"ஏ மொக்கம்மா, தோட்டத்துல மோட்டாரு ஓடுதா என்ன? சத்தம் இங்கன கேக்குது."

"அக்கா, சொந்த மோட்டாருன்னா சத்தமாத்தேன் ஓடும்னு சொல்லு" என்றார் கருத்தக்கண்ணன், கூரையைப் பார்த்து.

"எனக்குக் கறி அடிபிடிக்குது. நேராப் பேசிக்கிறதுன்னா பேசுங்க, இல்லன்னா வாய மூடிக்கிட்டு உக்காருங்க" என்று மொக்கம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கறி வேகுமுன்னே லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துப் போனது.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் கயலைப் பார்த்தார். தோளில் சின்னத் துணிப்பை மட்டும் தொங்கியது.

"லேப்டாப்பு எங்க தாயி?"

"வீட்டுல இருக்கு மாமா."

"வீட்டுல எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பீரோ மேல. தப்பா நெனைக்காதீக. நான் திரைய மங்க வச்சு, கேம் பக்கமே போகாமத்தேன் பார்த்தேன். அப்பவும் மத்தியானத்துக்கு மேல சார்ஜ் நிக்கல. பிளக் பாயின்ட் இருக்கிற எடத்துக்கு அடிதடி. சார்ஜரே செங்கல் கனம் கனக்குது. நோட்டுல எழுதிக்கிடுறேன் மாமா, ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லையாம்! அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆசை ஆசையாகக் கொண்டுபோன சீர் பீரோ மேல் தூசி வாங்குகிறது, பிள்ளை கை வலிக்க எழுதுகிறது. கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சு கனத்துப்போனது. தன் வீம்புக்குப் பிள்ளையின் தோளில் கனத்தை ஏற்றிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"மாத்திருவோமா?" என்று கேட்டார். கேட்டபிறகுதான் விஷயம் உறைத்தது. வைத்த சீரைத் தாய்மாமன் தன் கையால் வெளியே எடுத்துப் போனால் அன்றோடு உறவு முறிந்தது என்று அர்த்தம். சரி, சங்கிலி எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், சீரைத் திருப்பிவிட்டார் என்று ஆகிவிடும். அது இன்னும் மோசம். முதல் ஆளாகச் சண்டைக்குப் போகப்போகிறவரே கருத்தக்கண்ணன்தான்.

கயல் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"மாமா, நீங்க மட்டும் கொண்டு போனா முறிச்சதாயிரும். அப்பா மட்டும் கொண்டு போனா திருப்புனதாயிரும். ரெண்டு பேரும் சேர்ந்து போனா? அது வெறுமன மாத்துறது. ஊரு ஒரு வார்த்த சொல்ல முடியாது. கடையிலயும் கேட்டுட்டேன். பத்து நாளைக்குள்ள மாத்தித் தருவாகளாம். ஆனா வாங்குனவரும் பிள்ளையோட அப்பாவும் ரெண்டு பேருமே நேர்ல வரணுமாம்."

"இது எந்த ஊரு சட்டம்?"

"கடைச் சட்டம் மாமா. நாளையோட கெடு முடியுது."

"அந்தாளு வருவாரா?"

"அப்பா வாரேன்னுட்டாக. நீங்கதேன் வரமாட்டீகன்னு அம்மாகிட்டப் பந்தயம் கட்டியிருக்காக."

"யாரு, நானா?" என்று எகிறினார் கருத்தக்கண்ணன். "காலையில வாசல்ல வண்டிய நிப்பாட்டுறேன். தயாரா இருக்கச் சொல்லு!"

மறுநாள் அனுமந்தன்பட்டியே அந்தக் காட்சியைப் பார்த்தது. கருத்தக்கண்ணன் பைக் ஓட்டுகிறார். பின்னால் சங்கிலி, மடியில் துண்டு விரித்து, துண்டின் மேல் லேப்டாப். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. டீக்கடையில் நின்றவர்கள் கிளாசைக் கையில் வைத்தபடி வாய் பிளந்தார்கள். சின்னமனூர் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது.

"பாத்துப் போகலாம். பிள்ளையோட பொருளு" என்றார் சங்கிலி, மடியிலிருந்த லேப்டாப்பிடம்.

"பின்னாடி சும்மாத்தான உக்காந்து வாராக, தடை வருதுன்னு ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றார் கருத்தக்கண்ணன், வண்டிக் கண்ணாடியிடம். அதற்கப்புறம் தேனி வரைக்கும் ஒவ்வொரு தடைக்கும் முன்னால் சங்கிலி ஒரு கனைப்புக் கனைத்தார். வண்டியும் ஒவ்வொரு தடவையும் மெதுவானது.

கடையில் மகிழன் லேப்டாப்பைக் கையில் வாங்கி, மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம பக்கம் பொட்டு வைக்காம ஒரு லேப்டாப்பும் திரும்பி வராதுண்ணே." சங்கிலி அவசரமாகத் துண்டின் நுனியால் துடைத்தார். முதலில் பார்த்த அந்த மெல்லிய லேப்டாப்பை மகிழன் எடுத்து வைத்தார். கருத்தக்கண்ணன் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை.

"ஆமா, எதுக்கு ரெண்டு பேரும் வேலையக் கெடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்றார் மகிழன். "பாப்பா போன் பண்ணுனப்பவே சொன்னேனே. யாராச்சும் ஒருத்தர் வந்தாப் போதும், பாப்பாவே காலேஜ் விட்டு வரும்போது மாத்திக்கிடலாம்னு."

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். சங்கிலியின் மீசை துடித்தது. கோபமாக்கும் என்றுதான் கருத்தக்கண்ணன் நினைத்தார். கோபமில்லை, சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மனுஷன்.

"எல்லாம் உன் மருமக வேல" என்றார் சங்கிலி.

"நான் பெத்தேனாக்கும்! வக்கீலுக்குப் படிக்கவச்சா மொத கேசே நம்ம மேலதேன் போடுவா" என்று கருத்தக்கண்ணனும் சிரித்துவிட்டார். யாரிடம் பேசுகிறோம் என்பதே அவருக்குச் சொல்லி முடித்தபின்தான் தெரிந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது சங்கிலி அந்தப் புது லேப்டாப்பைத் தடவிப் பார்த்தபடி கேட்டார். "ஏந்தம்பி, இதுல ரெண்டும் ஒரே மெமரியில பங்குங்கிறீக. சண்ட வராதா?"

"எதுக்குண்ணே வருது? கிராபிக்ஸுக்கு வேலை வந்தா கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கிடும். வேலை முடிஞ்சா திருப்பி விட்டுரும். ரொம்பப் பெரிய வேலைன்னா ரெண்டும் திணறும், அது உண்மைதான். மத்தபடி வீட்டுக்கு, படிப்புக்கு இது தாராளம்."

திரும்பி வரும் வழியில் நடுவில் ஆள் உட்காருகிற இடைவெளி இல்லை.

தோட்டத்துப் பக்கம் வரும்போது மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்தது. கரண்டு வந்திருக்கிறது. அன்றைக்குச் சங்கிலியின் முறை. கவாத்து முடிந்து துளிர்த்திருந்த கருத்தக்கண்ணனின் பந்தல் வெயிலில் வாடிக் கிடந்தது. பாதையிலிருந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வண்டியை ஓட்டினார்.

"மாப்ள, நிப்பாட்டு."

மாப்ள என்றதில் வண்டியே ஆஃப் ஆகிவிட்டது. சங்கிலி லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி இறங்கினார்.

"இன்னைக்கு என் முறைதேன். என் பந்தலு ஒரு நா தாங்கும். உன்னது தாங்காது. நீ போட்டுக்க."

"எனக்கு யாரு தானமும் வேணாம்."

"தானம் யாரு குடுத்தா? எனக்கு முடையா இருந்தா நானும் உன் முறையில எடுத்துக்கிடுவேன்."

"கேக்காமயா?"

சங்கிலி கிணற்றைப் பார்த்தார். "கேட்டுத்தேன்" என்றார், குரல் இறங்கி.

"அன்னைக்கும் ஒரு வார்த்த கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன் மச்சான்." சொல்லும்போதே கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய் மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கும்போது சட்டைப்பையில் செல்போன் அடித்தது. கயல்தான்.

"மாமா, போன காரியம் என்னாச்சு? கடைக்காரரு என்ன சொன்னாரு?" குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

கருத்தக்கண்ணன் மச்சானைப் பார்த்தார். சொல்லாதே என்கிற மாதிரி மச்சான் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பேரும் வந்தாத்தேன் மாத்தித் தருவேன்னு கறாராச் சொல்லிப்பிட்டாரு தாயி" என்றார் அவர். "நல்லவேள, சேர்ந்து போனோம்."