கெலெபி படுத்த இடம்

என் தம்பி கெலெபி பத்து வருடம் கார் ஷெட்டில் தூங்கினான். அவன் அங்கே தூங்கியதால்தான் நான் பட்டதாரி ஆனேன். இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் டோங்காத் தீவிலிருந்து பிழைக்க வந்த ஊர் மாங்கெரே. அங்கே எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டே படுக்கையறை. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில் நான், கெலெபி, தங்கை சியாலே, மூவரும் ஒரே பெரிய மெத்தையில். சுவரோரம் சியாலே, நடுவில் நான், வெளிப்பக்கம் கெலெபி. அவன் தூக்கத்தில் உதைப்பான். நான் முழித்துக்கொண்டே உதைப்பேன். யார் போர்வையை யார் இழுத்தது என்று தினமும் காலையில் அம்மாவிடம் பஞ்சாயத்து.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினொன்று ஆனபோது டோங்காவிலிருந்து லாவினியா அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அவர் வீட்டுக்குள் வந்தால் அப்பா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்காருவார். அத்தை பெட்டியை வைக்க இடம் தேடி எங்கள் அறைக்கதவைத் திறந்தார். மெத்தையைப் பார்த்தார். கதவை மூடினார்.

“மோசேசே,” என்றார் அப்பாவிடம். “பொண்ணு பெரியவளாயிட்டா. பையன் இன்னும் இங்கதான் படுக்கிறானா? இந்த ஊருக்கு வந்ததும் மரியாதையைக் கப்பல்லயே விட்டுட்டு இறங்கினியா?”

“அப்பா ஏரோப்ளேன்லதான் வந்தார் அத்தை,” என்றாள் ஏழு வயது சியாலே. அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

அத்தைக்கு ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் கார் ஷெட்டில் ஒரு சின்ன மெத்தை விழுந்துவிட்டது. கூடத்தில் போட்டிருக்கலாம். ஆனால் நானும் சியாலேயும் குளியலறைக்குப் போகக் கூடத்தைத் தாண்டியாக வேண்டும். உறங்கும் உடுப்போடு நாங்கள் போவதை அவன் பார்க்கக்கூடாது. எங்களில் அக்கா, தங்கை என்றால் கூடப் பிறந்தவனுக்கு ஒரு படி மேலே. அவள் படுக்கையிருக்கும் அறைக்குள் அவன் கால் வைப்பதில்லை. அவள் காதில் விழும்படி கொச்சை பேசுவதில்லை. அவளோடு உட்கார்ந்து முத்தக் காட்சி வரும் படம்கூடப் பார்ப்பதில்லை, எழுந்து போய்விடுவான்.

அதுவரை “ஏய் லோசி, தள்ளிப் படுடி” என்று கத்தியவன், மறுநாள் காலை வாசற்படியில் நின்று, “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்றான். எனக்கு யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வேறு ஒருவனை அனுப்பியது போல இருந்தது. குளியலறையில் போய் அழுதேன். அன்று பிடித்த கோபம் எனக்கு. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

பெரிய மெத்தையை எடுத்துவிட்டு எங்கள் இருவருக்கும் சிறிதாக ஒன்று போட்டார்கள். மிச்சமான இடத்தில், ஜன்னலுக்குக் கீழே, அப்பா பழைய மேசை ஒன்று வாங்கி வந்து போட்டார். அந்த மேசையில்தான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அந்த மேசையில்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். கெலெபி பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுச் சரக்குக் கிடங்கில் பெட்டி இறக்கப் போனான். முதல் மாதமே எனக்கு ஒரு லேப்டாப் வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பினான். “அக்கா லைப்ரரியிலேர்ந்து லேட்டா வர்றாங்க, பஸ்ல கண்டவன் இருப்பான்,” என்று அம்மாவிடம்தான் காரணமும் சொன்னான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் ஆண்டில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். நெருக்கடியான வீடுகள், ஈரச் சுவர்கள், எங்கள் மக்களுக்கு வரும் நெஞ்சு நோய். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பேராசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் ஷெட்டின் பின்சுவரில் பூஞ்சை கறுப்பாக என் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து அடுத்த பத்தியை எழுதினேன். என்னை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் பட்டம் வாங்கினேன். கறுப்பு அங்கிக்கு மேல், விசேஷ நாளில் எங்கள் ஆட்கள் மரியாதைக்கு இடுப்பில் கட்டும் பாயைச் சுற்றிக்கொண்டு மேடை ஏறினேன். கெலெபி கூட்டத்தின் கடைசியில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தி முடித்து ஐந்து நிமிடம் இருமினான். ஜூனில் இங்கே குளிர்காலம் தொடங்கியதும் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரி.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

டாக்டர் என்னைவிட நாலைந்து வயதே மூத்த பெண். அம்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. அதனால் நான்தான் நடுவில். கெலெபி கட்டிலில் கால் தொங்கப் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நுரையீரல்ல நல்லா சளி கட்டியிருக்கு,” என்றார் டாக்டர். “மருந்து பாத்துக்கும். ஆனா தூங்குற இடம் முக்கியம். ஷெட் ஆகவே ஆகாது. வீட்டுக்குள்ள ஈரமில்லாத ரூம் எது? உங்க ரூமா? அப்ப உங்க கட்டிலுக்குப் பக்கத்துல இவருக்கு ஒண்ணு போட்டுடுங்க. கூடப் பிறந்தவங்கதானே!”

“என்னடி சொல்றாங்க?” என்றாள் அம்மா.

உங்க கட்டிலுக்குப் பக்கத்துல. என் தம்பி இரண்டு அடி தூரத்தில் இருக்கிறான். அவன் முன்னால் என் வாயால் என் கட்டிலைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்? பழக்கவழக்கம் எல்லாம் பெண்ணைக் கட்டிப்போடும் கயிறு என்று கல்லூரியில் மேசையைத் தட்டிப் பேசியவள்தான் நான்.

“குளிர் படக்கூடாதாம்,” என்றேன்.

“இதுக்கா இவ்வளவு நேரம் பேசினாங்க? இதை நானே சொல்வேனே!”

அம்மா இரண்டு கனத்த போர்வை வாங்கினாள். அப்பா ஷெட்டில் கேஸ் அடுப்பு மாதிரி ஒரு ஹீட்டர் கொண்டுவந்து வைத்தார். அந்த ஹீட்டர் எரிய எரிய மூடிய ஷெட்டின் சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. மெத்தையின் அடிப்பக்கம் பிழிந்தால் தண்ணீர் வரும். மூன்றாவது வாரம், நடுப்பகலில், கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே மடங்கி விழுந்தான்.

இந்த முறை நெஞ்சுக்குள் நீர் கோத்துவிட்டது. விலாவில் குழாய் போட்டு எடுத்தார்கள். அதே டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “போன தடவை சொன்னேனே, செஞ்சீங்களா? இன்னொரு தடவை இப்படி வந்தா அந்தப் பக்கத்து நுரையீரல் எவ்வளவு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது.” அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சனிக்கிழமை மதியம் அப்பா அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தார். காரிலிருந்து இறங்கியவன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கதோஷத்தில் ஷெட்டை நோக்கி நடந்தான். நான் ஓடிப்போய் ஷெட் வாசலில் குறுக்கே நின்றேன்.

“இனிமே நீ இங்க படுக்கக்கூடாது.”

“தள்ளுங்கக்கா. குளிருது.”

“குளிருதில்ல? அதைத்தான் சொல்றேன்.”

அம்மா துணிக் கூடையோடு கொடியிலிருந்து வந்தாள். “ஏண்டி, நோயாளியைக் காத்துல நிறுத்தி வெச்சு என்னடி பேச்சு?”

“அம்மா, அன்னிக்கு டாக்டர் சொன்னதுல ஒரு வரியை நான் உன்கிட்ட சொல்லல.”

“எந்த வரி?”

“ஷெட் ஆகாதுன்னாங்க. எங்க ரூம்ல… எங்க ரூம்ல இவனுக்கு ஒரு கட்டில் போடச் சொன்னாங்க. இவன் பக்கத்துல இருந்தான். எனக்கு வெக்கமாப் போச்சு. முழுங்கிட்டேன்.”

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியும்,” என்றான் கெலெபி.

“என்னடா தெரியும்?”

“நான் இந்த ஊர்ல பொறந்தவன்க்கா. டாக்டர் பேசினது எனக்கும் இங்கிலீஷ்தான்.”

படியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்த சியாலே பக்கென்று சிரித்துவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை.

“அப்ப ஏண்டா வாயைத் தொறக்கல?”

“நீங்க சொல்லாம விட்டது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சொல்லியிருந்தா நான் முடியாதுன்னிருப்பேன். வெள்ளைக்கார டாக்டர் முன்னாடி எதுக்குச் சண்டை?”

“வெக்கம் உனக்கும் எனக்கும். போனது உன் நுரையீரல் மட்டும். நல்ல பங்குடா!” கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “கேட்டுக்கோ. எங்க ரூம் இனி உனக்கு. நானும் சியாலேயும் ஷெட்ல படுத்துக்கறோம்.”

“என்னை எதுக்குடி இழுக்கற?” என்றாள் சியாலே.

“நீங்க ஷெட்ல படுத்தா,” என்றான் கெலெபி அமைதியாக, “நான் பஸ் ஸ்டாப்ல படுப்பேன்.”

“படு. அங்க ஈரமாவது கம்மி,” என்றாள் சியாலே.

அப்பா அதுவரை காரில் சாய்ந்து நின்றிருந்தார். இப்போது தொண்டையைச் செருமினார். “எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. என் அக்கா இந்த வீட்டுல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா. அதை நான் மாத்த முடியாது.”

“ஏன் முடியாது?”

“என்ன கேள்வி கேக்கற? அவ எனக்கு அக்கா. அக்கா வார்த்தையை எவனாவது தட்டுவானா?”

“சரி. நான் இவனுக்கு யாரு?”

நான் கெலெபி பக்கம் திரும்பினேன். எத்தனை வருடம் வெறுத்த சட்டம்! எனக்கு ஒரே ஒரு நிமிடம் அது வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன்.

“கெலெபி, உன் அக்கா சொல்றேன். இன்னிலேர்ந்து நீ வீட்டுக்குள்ள, காஞ்ச சுவர் இருக்கிற ரூம்ல படுக்கிற.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே பையைத் தோளிலிருந்து இறக்கி, வீட்டுப் பக்கமாக வைத்தான். ‘முடியாது’ என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

“எந்த ரூம்க்கா?” என்றான்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

“படிச்சவ, பாரு,” என்றாள் சியாலே, விதையைத் துப்பிவிட்டு. “அம்மா எங்க கூட. அப்பா அவன் கூட. பொம்பளைங்க ஒரு ரூம், ஆம்பளைங்க ஒரு ரூம். முடிஞ்சுது.”

பத்து வருடம். ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா அம்மா அறையை அசைக்கலாம் என்று நினைக்கவே எங்களுக்குத் துணிச்சல் இருந்ததில்லை.

“என்ன விளையாடறீங்களா?” அப்பா பதறிப்போனார். “இருபத்துநாலு வருஷம் கட்டின பொண்டாட்டியோட படுத்தவன், இனி இந்தத் தடியன் பக்கத்துல படுக்கணுமா? இவன் உதைப்பான்!”

“இருபத்துநாலு வருஷம் உங்க குறட்டையை நான் கேட்டேன்,” என்றாள் அம்மா. குனிந்து கெலெபியின் பையை எடுத்துக்கொண்டாள். “கொஞ்ச நாள் என் புள்ளை கேக்கட்டும். நடங்க.”

“கூடத்துக்கு வரணும்னா சத்தம் கொடுத்துட்டு வரணும் அவன்,” என்றார் அப்பா, தோற்றுப்போன குரலில். குறைந்தபட்சம் ஒரு விதியாவது தன்னுடையதாக இருக்க வேண்டாமா?

“அவன் இருமறதே போதும்,” என்றாள் சியாலே.

“இருமல் நின்னுட்டா?” என்றான் கெலெபி.

“நிக்கட்டும்டா,” என்றாள் அம்மா. “நின்னப்புறம் என்ன செய்யறதுன்னு அப்ப யோசிப்போம்.”

எனக்கு ஆகஸ்ட் முதல் வேலை கிடைத்திருந்தது. நகரத்தில் தோழிகளோடு தனி அறை பார்த்தும் வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று என் கையால் தினமும் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். ஆத்திரமும் அப்படியே இருக்கிறது: அத்தை மேல், ஈரச் சுவருக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரன் மேல், அதிக மதிப்பெண் வாங்கிய அந்தக் கட்டுரை மேல். ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. பத்து வருடமாக அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து, சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டு, எங்கள் தெருவில் பாதி வீடு தூங்கும் நேரம். நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சியாலே. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குறட்டை. நான் எழுந்து போய் அவர்கள் அறைக்கு வெளியே நின்றேன்.

“கெலெபி,” என்றேன் கதவைப் பார்த்து. “நான் ஒண்ணு சொல்லணும்.”

குறட்டை நின்றது. “மெதுவா,” என்றது அப்பாவின் குரல். “தூங்கிட்டான். இப்பதான் மூச்சு சீரா வருது. நான் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன், கண்ணு சொக்கிடுச்சு. எழுந்ததும் சொல்லு.”

நான் திரும்பிப் போகவில்லை. கூடத்துப் பாயில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு உள்ளே இரண்டு இருமல் கேட்டது, கதவு திறந்தது. என்னைப் பார்த்ததும் கெலெபி நிலையிலேயே நின்றுவிட்டான்.

“அந்த மேசை போட்ட இடம் உன்னோடது,” என்றேன். “அங்க உக்காந்துதான் நான் படிச்சேன். நன்றிடா. இவ்வளவு நாள் சொல்லல.”

அவன் காது இரண்டும் சிவந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

“டீ போடவாக்கா?” என்றான்.

“நீ உக்காரு,” என்றேன். “நான் போடறேன்.”