பேசும் ஆண் அடுத்து என்ன செய்வான்?

சீனாவில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கேட்புத் தேர்வில் பேசுகிற ஆண், மாணவர்களில் பெரும்பாலோர் எந்த விடையைக் குறிக்கிறார்களோ அதைத்தான் செய்தாக வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மைக் முன்னால் நாலு வரி பேசுவார்கள். அப்புறம் ஒரு குரல் கேள்வி கேட்கும். விடைகள் நான்கும் தாளில் அச்சாகியிருக்கும். கேள்வி தாளில் இருக்காது, காதில்தான் விழும், அதுவும் ஒரே தடவை. பதினொன்றரைக்குள் எந்திரம் தாள்களை எண்ணி முடித்துவிடும். பன்னிரண்டு மணிக்கு ஆண் போய் அதைச் செய்வான்.

சேர்மக்கனி ஏழு மாதமாக அங்கே ஆணாக இருந்தான்.

சாத்தான்குளத்துக்காரன். பத்து வயதில் பஸ் ஸ்டாண்டில் சீப்பும் கொண்டை ஊசியும் விற்கத் தொடங்கி, சீனாவுக்கே கொள்முதலுக்கு வருகிற அளவுக்குத் தன் தொண்டையை வைத்தே மேலே வந்தவன். பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை ஏமாந்தும் அடிபட்டும் கற்றுக்கொண்டான். ஹேர்கிளிப் சந்தையில் ஒரு கடைக்காரியோடு அவன் கத்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், தேர்வுத்தாள் எழுதுகிற ஷென் டீச்சர் அவனைப் பிடித்தாள். "நல்ல குரல். இவ்வளவு கோபத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறது" என்றாள். அறை, சாப்பாடு, வாரத்துக்கு ஒரு உரையாடல், ஆறே மாதம் என்று மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி அவளைப் படிய வைத்தான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். ஆறு மாதம் முடிந்ததா இல்லையா என்பதையும் மாணவர்களே குறிப்பார்கள் என்பதை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவனுக்கு முன்னால் ஆணாக இருந்தவன் பல்கலைக்கழக ஏரியில் நீந்திக்கொண்டிருக்கிறான். அப்படிக் குறித்துவிட்டார்கள். பெண்ணாகப் பேசுகிற மார்லின் பிலிப்பைன்ஸ்காரி. இரண்டு நாள் சுற்றுலாவுக்கு வந்தவள், பதினோரு வருடமாக இருக்கிறாள். இதுவரை நாற்பது முறை நூலகத்துக்குப் புத்தகம் திருப்பித் தந்திருக்கிறாள், மூன்று முறை கல்யாணம் செய்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி லிங்கத்துரை போன் செய்தான்.

"அண்ணே, அப்பா போயிட்டாரு."

"எப்ப?"

"விடியக்காலம். ஐஸ் பெட்டி கொண்டாந்து வச்சாச்சு. தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்கணும்னு பெரியப்பா ஒத்தக் கால்ல நிக்காரு. நீ எப்ப வார?"

"வியாழக்கிழம தெரியும்."

"சரிண்ணே. கரண்டு நிக்காம இருந்தா அதுவரைக்கும் தாங்கும்."

அந்த வியாழக்கிழமை சேர்மக்கனி சுற்றி வளைக்கவில்லை. "எங்கப்பா செத்துப்போனார். நான் விமானம் ஏறி ஊருக்குப் போகிறேன்" என்று கடைசி வரிசைக்கும் விளங்குகிற மாதிரி சொன்னான். ஆண் அடுத்து என்ன செய்வான் என்று கேள்வி வந்தது. விமானம் ஏறுவான், நூலகத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பழுது பார்ப்பான், மீன் வாங்குவான், பேராசிரியரிடம் அவகாசம் கேட்பான் என்று நாலு விடை. முந்நூற்று எண்பது பேர் சைக்கிளைக் குறித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவன் நூலகத்துக்குப் பின்னால் போய் யாருடையதென்று தெரியாத ஒரு சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டினான். ஒட்டி முடித்ததும் கையில் கிரீஸோடு ஷென் டீச்சரின் அறைக்குள் நுழைந்தான்.

"என்ன டீச்சர் புள்ளைங்க இதுங்க? செவுட்டுப் புள்ளைங்களா? எங்கப்பா ஐஸ் பெட்டில கெடக்காரு!"

"தெரியும். அதை வைத்துத்தான் நல்ல விடைகளாக நான்கு எழுதியிருந்தேன்."

"விடைய மாத்துங்க."

"மாற்றினால் மாணவர்களுக்கு அநியாயம்."

அவன் மேசையில் அடித்தான். அவள் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். இருட்டுகிற வரைக்கும் பேரம் நடந்தது. முடிவில் அடுத்த வாரத்து நாலு விடைகளில் ஒன்றை அவனே எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தாள். அவன் கிரீஸ் கையாலேயே எழுதிக் கொடுத்தான்: உடனே விமான நிலையம் போய் முதல் விமானத்தில் ஏறுவது.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனான். அங்கே விடிந்ததும் மாணவர்கள் தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டு ஆங்கிலச் சொற்களைச் சத்தமாக ஒப்பிப்பார்கள். லியூ யான் என்று ஒரு பெண். ஒல்லி, பெரிய கண்ணாடி. அவள்தான் நின்று பதில் சொன்னாள். பெரியவர்களை அங்கே ஷூஷூ என்பார்கள், அதாவது சித்தப்பா.

"ஷூஷூ, நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சு. அதனாலதான் குறிக்கல."

"அதனாலயா?"

"விடைகளை நாங்க முன்னாடியே படிச்சிருவோம். அப்புறம் காதுல விழுற சொல் எந்த விடையில இருக்கோ, அதைக் குறுக்க கோடு போட்டு அடிச்சிருவோம். அது பொறி. காதுல விழாததுதான் சரியான விடை. ஆறாம் வகுப்புல இருந்து அப்படித்தான் பயிற்சி."

"நான் அழுதுக்கிட்டே சொன்னாலும் அடிப்பியா?"

"அழுதா இன்னும் நல்லா கேட்கும் ஷூஷூ. மொதல்ல அதைத்தான் அடிப்போம்."

நீந்துகிறவன் அவர்களைக் கடந்து போனான். அவள் அவனுக்குக் கையசைத்துவிட்டு விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள்.

சேர்மக்கனிக்குக் கோபம் வரவில்லை. இது அவனுக்குத் தெரிந்த வித்தைதான். சந்தையில் எந்தச் சரக்கு வேண்டுமோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. வேண்டாத சரக்கைத் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் சோறு போட்ட தந்திரத்தை இந்தச் சின்னப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது வியாழன். மார்லின் தன் வரியைப் படித்தாள்: "உன் அப்பா இறந்துவிட்டாராமே?" அவன் அப்பாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்ற மூன்று விடைகளிலும் இருந்த தக்காளியையும் முடிவெட்டும் கடையையும் பழைய மெத்தையையும் இழுத்துப்போட்டுப் பேசினான். விமானம் என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனாக்கள் சொல்லி வைத்த மாதிரி ஒரே இடத்தில் இறங்குவதைப் பார்த்தான். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் விமான நிலையத்தைக் குறித்திருந்தார்கள்.

ஆனால் விடையைப் பேரம் பேசினானே தவிர, கேள்வியைப் பேசவில்லை. இறந்துபோன தகப்பனார் அடுத்து என்ன செய்வார் என்று அந்தக் குரல் கேட்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, அப்பா எந்திச்சுக் கெளம்பிட்டாரு. பாஸ்போட்டு எங்கன்னு கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன்."

"மூக்குல பஞ்சு?"

"அப்படியேதான் இருக்கு. எடுக்கச் சொல்லல. நாடிக்கட்டையும் அவுக்கல. பெரியப்பாதான் சத்தம் போடுதாரு, பந்தலப் பிரிக்கவா வேண்டாமான்னு."

"பிரிக்கச் சொல்லு. ஒரு ஸ்வெட்டர் குடுத்துவிடு, இங்க குளிரு."

"குளிரு அவருக்கு நல்லதுதானண்ணே."

சனிக்கிழமை மாலை அப்பா தவசிமுத்து வந்து சேர்ந்தார். காய்கறி மண்டியில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர். இறந்த பிறகும் ஒரு தோள் தாழ்ந்தே இருந்தது. வளாகத்துக்குள் தங்குகிறவர்கள் மாணவராகப் பதிந்தாக வேண்டும் என்று காவலாளி சொன்னதால், முதலாமாண்டில் சேர்த்துக்கொண்டார்கள். விடுதியில் நாலு பேர் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. சேர்மக்கனியும் அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டான். மற்ற இரண்டு மாணவர்களும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் படித்தார்கள்.

"எப்படே எரிப்ப?" என்றார் தவசிமுத்து. தாடையை உச்சந்தலையோடு சேர்த்து நாடிக்கட்டு போட்டிருந்ததால் பேச்சு குழறியது.

"வியாழக்கிழம கேட்டுத்தாம்ப்பா."

"அதுவரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல நம்பாத. முதுகு பூரா நீலம் பாய்ஞ்சிருச்சு."

இறந்தவருக்கு வேறு ஜோலி கிடையாது, தூக்கமும் கிடையாது. புதன்கிழமைக்குள் சொற்பட்டியல் புத்தகத்தை முடித்துவிட்டார். அதில் ஆங்கில அகரவரிசைப்படி முதல் சொல் அபாண்டன், அதாவது கைவிடுதல். நாடு முழுக்க அந்தப் புத்தகத்தைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லோடு நின்றுவிடுவார்களாம். அதனால் எல்லாருக்கும் மறக்காமல் தெரிந்த சொல் அது ஒன்றுதான். இலக்கணப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். எதிர்காலத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

இந்தத் தடவை சேர்மக்கனி ஷென் டீச்சரிடம் விடையையும் வாங்கினான், கேள்வியையும் வாங்கினான். பதிலுக்கு இன்னும் ஒரு வருடம் ஆணாக இருக்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். கேள்வி: மகன் அடுத்து என்ன செய்வான்? அவனுடைய விடை: அப்பாவை எரித்துவிட்டு ஊருக்குப் போவான். மற்ற மூன்றும் அவளுடையவை. மழை நிற்கும்வரை காத்திருப்பான். அலமாரிக்குப் பூட்டு மாற்றுவான். பற்பசை வாங்குவான்.

வருடம் முடிவதற்குள் ஊருக்கு எப்படிப் போவது என்று மார்லின் கேட்டாள். எரித்தால் போதும், ஊரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றான். புதன்கிழமை மதியம் இருவரும் வசனத்தை ஒத்திகை பார்த்தார்கள். அவள் "உன் அப்பாவை என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்க வேண்டும். அந்த வரி டீச்சருடையது, மாற்ற முடியாது. அவன் சொல்ல வேண்டியது: "அவரைக் கைவிட்டுவிட்டேன். அவர் யாரோ, நான் யாரோ. மழை நிற்கட்டும், பூட்டு மாற்ற வேண்டும், பற்பசை வாங்க வேண்டும்."

"அருமை. நானே நம்பிவிட்டேன்" என்றாள் மார்லின். "ஆனால் உன் அப்பாவும் நாளைக்குப் பரீட்சை எழுதுகிறார், தெரியுமா?"

"எழுதட்டும். அவருக்கு என்ன புரியப்போகுது?"

"என்னைப் பார்க்கிறபோதெல்லாம் ஆங்கிலத்தில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார், மிஸ்டர் கனி."

வியாழக்கிழமை பத்து மணி. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவன் மைக் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். மூன்றாவது வரிசையில், லியூ யானுக்குப் பக்கத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அப்பா. நாடிக்கட்டுத் துணிக்கு மேல் ஹெட்போன் உட்காரவில்லை, நழுவி நழுவி விழுந்தது. இரண்டு தடவை சரி செய்து பார்த்தார். பிறகு உச்சந்தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். துணியை மடித்து மேசையில் வைத்தார். வாய் தொங்கித் திறந்துகொண்டது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"உன் அப்பாவை என்ன செய்யப்போகிறாய்?" என்றாள் மார்லின்.

சேர்மக்கனி வாயைத் திறந்தான். எத்தனை கடைகளில் பிடித்த சரக்கைப் பிடிக்காத மாதிரித் தள்ளிவிட்டு எழுந்து நடந்தவன். மூன்றே மூன்று வாக்கியம். கைவிடுதல் என்ற அந்தச் சொல்லை நானூறு பேரும் அறிவார்கள், கேட்டவுடன் அடித்துவிட்டு மேலே போவார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் அடிக்க மாட்டார். அதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

மார்லின் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தி, விரலால் வரியைக் காட்டினாள்.

"எங்கப்பாவை எரிக்கப்போகிறேன்" என்றான் மைக்கில். "என் கையால் எரித்துவிட்டு ஊருக்குப் போகப்போகிறேன்."

மெதுவாகத்தான் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

மார்லின் தன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கேள்வி வந்தது. லியூ யான் சட்டென்று ஒரு விடையை அடித்தாள். வரிசை வரிசையாக எல்லாரும் அதையே அடித்தார்கள்.

பதினொன்றரைக்கு ஷென் டீச்சர் எந்திரம் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மழை நிற்கும்வரை காத்திருப்பான்: நானூற்றுப் பன்னிரண்டு. எரித்துவிட்டு ஊருக்குப் போவான்: ஒன்று.

"இத்தனை ஒற்றுமை இதுவரை வந்ததே இல்லை" என்றாள். "அந்த ஒருவருக்கு மட்டும் தனி வகுப்பு வைக்க வேண்டும்."

அறைக்குப் போனான். அப்பா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் பேனாவைப் பிடித்த வாக்கிலேயே விறைத்திருந்தன. துணியை எடுத்து அவன் கட்டப் போனபோது வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

"நல்லா கேட்டுச்சுடே" என்றார். "ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மழை தொடங்கியது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை அறைக்குள், விட்டத்திலிருந்து, சாய்வாகப் பெய்தது. சேர்மக்கனி அப்பாவின் ஸ்வெட்டரைக் கழற்றிப் பிழிந்து ஜன்னலில் போட்டான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மழை நிற்பதற்காகக் காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமையும் பெய்தது. சனிக்கிழமை கட்டிலுக்கடியில் முதல் மீன் வந்தது. எதிர்க் கட்டில் மாணவன் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, புத்தகத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.