மூடி திறக்கும் பக்குவம்

கமாலுதீன் கைக்குட்டையை எடுத்து ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தான். உள்ளே மதியழகனின் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்திருப்பது அவள் புருஷன். துடைக்க வேண்டியவள் அவள்.

துக்கத்துக்கு வந்தவர்களும் அவனைத்தான் கேட்டார்கள். காலையில் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி போனில் பேசிக்கொண்டிருந்த அண்ணன், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார் என்று அவனும் எல்லோருக்கும் சொன்னான். கடைசிப் பேச்சும் அவனோடுதான். அடுப்படியில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

கமாலுதீனுக்கு வண்ண மீன் கடை. மீன் தொட்டிக்குள் வளர்கிற செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, வெறும் மண்ணில் வளர்க்கலாம் என்று மதியழகனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். மண்ணில் சீக்கிரம் பெருகும், பாசி பிடிக்காது, பிறகு கடைக்குக் கொடுக்கலாம். மின்துறை வேலை முடிந்து வந்ததும் மதியழகன் மாடிக்குப் போய்விடுவார். செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகள். காற்றுப் படாமல் மேலே மூடி, மூடியின் மேல் செங்கல் துண்டு. வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் தலையாட்டுகிற மனுஷன், ஒரு புது இலைக்காகப் போனில் அரைமணி நேரம் பேசுவார். இன்னொரு பெண்ணாக இருந்தாலாவது தெருவில் நின்று சண்டை போட்டிருக்கலாம். மீன் கடைக்காரனோடு என்னவென்று போடுவது?

நெடுங்காட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் அல்லி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "முன்னாடியே ஒண்ணும் தெரியலையா தம்பி?"

"ஒரு வாரமா நெஞ்சு எரியுதுன்னு சொன்னாருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். வாயுதான், அண்ணிகிட்ட சொல்லிராதன்னுட்டாரு."

எல்லோரும் வெண்மதியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"எங்க போறீங்க அண்ணி?" என்றாள் அல்லி.

"முகம் கழுவிட்டு வர்றேன்."

மாடியில் வெயில் தகித்தது. நேற்று அவள் துவைத்துப் போட்ட துணிகள் கொடியில் மொடமொடவென்று கிடந்தன. பெட்டிகள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்தன. மூடிகளில் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது, கீழே ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் இருந்ததைப் போல. ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு அடுத்தது. ஒரு மூடியின் கீழே துணி கிளிப் செருகியிருந்தது. அதைப் பிடுங்கித் தெருப்பக்கம் வீசினாள். எல்லாம் திறந்த பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக வெயிலுக்கு இழுத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து பார்த்தாள்.

நெடுநேரம் ஆகவில்லை. நிமிர்ந்து நின்ற இலைகள் துவண்டு மண்ணில் படுத்தன. அவளுக்கு முதலில் திருப்தியாக இருந்தது. பிறகு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து, அவர் கையிலிருந்து விழுந்து உருண்டு கிடந்த ஸ்பிரே பாட்டிலை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.

படியில் காலடிச் சத்தம். கமாலுதீன்.

"பாரதிப்ரியா மாயவரம் தாண்டிருச்சாம் அண்ணி. பொண்ணு வந்ததும் எடுத்துரலாம்னு..." என்றவன் நின்றான். திறந்த பெட்டிகளைப் பார்த்தான். கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருந்த செங்கல் துண்டுகளைப் பார்த்தான்.

"காத்துல கழண்டிருக்கும்" என்றான்.

கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை.

அவன் பெட்டிகளை நிழலுக்குத் தள்ளினான். இருவரும் மூடினார்கள்.

"காரியம் முடிஞ்சதும் நா கொண்டுபோய் பாத்துக்கவா அண்ணி?"

"இங்கயே இருக்கட்டும்."

"கடைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா தொறந்து காத்துக்குப் பழக்கணும். அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு."

"தெரியும்."

"அண்ணன் சொல்லிக்குடுத்தாரா?"

அவர் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. "ஆமா" என்றாள்.

கமாலுதீனின் முகம் சுருங்கியது. "எங்கிட்ட சொன்னதே இல்ல. எவ்வளவு தொறக்குறீங்கன்னு எத்தினியோ தடவ கேட்டேன். என்னுது பாதி கருகிரும். சிரிச்சுட்டே போயிருவாரு." கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "உங்ககிட்ட சொல்லிருக்காரு."

அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். நிலைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சலித்தது. புருஷன் கீழே கிடக்கிற நேரத்தில் அவளுக்குள் ஓர் ஓரம் குளிர்ந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவன் இறங்கிப் போனான்.

ஒரு பெட்டியின் மூடி மட்டும் முழுசாக மூடியிருக்கக் கூடாது. அது கிளிப் இருந்த பெட்டி. கொடியில் கிளிப் குறையும்போதெல்லாம் அவள் இங்கே வந்து சண்டை போட்டுப் பிடுங்கிப் போவாள். மறுநாள் வேறொன்று போயிருக்கும். கிளிப்பை முதலில் படுக்க வைப்பார், பிறகு பக்கவாட்டில், கடைசியில் நிமிர்த்தி; மூடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். துணி காயப்போடுகிற சாக்கில் அத்தனை வருஷமும் ஓரக்கண்ணால் பார்த்தது.

கொடிக்குப் போனாள். அவருடைய நீலச் சட்டையின் ஒரு தோளிலிருந்து கிளிப்பை எடுத்தாள். மூடியைத் தூக்கி அதைப் படுக்கவைத்தாள்.

கீழே கார் வந்து நின்றது. சட்டை இன்னொரு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.