யாரு பண்ணது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த டென்டல் லேப்பில் ஒருவருக்கும் டீ தொண்டைக்குள் இறங்காது. அன்றைக்குத்தான் தட்டு. செய்து அனுப்பிய பீங்கான் பற்களில் சரியில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பியவற்றை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு மேசை நடுவில் வைப்பார் முதலாளி. எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். ஒவ்வொன்றாக இடுக்கியில் தூக்கிப் பிடித்து, "யாரு பண்ணது?" என்பார். பண்ணினவர் கையைத் தூக்கியதும் அர்ச்சனை ஆரம்பிக்கும். அவர் ஓய்ந்தபின் மற்றவர்கள் ஆளுக்கொரு குத்து குத்த வேண்டும். அதற்குப் பெயர் கருத்துச் சொல்வதாம். நல்ல கருத்து போங்கள்!

பற்களுக்கு நிறம் போடுவது அண்ணியின் வேலை. பல் அச்சுக்கு ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றும் பெண் அவளுடைய நாத்தனார். அந்தப் பெண் வாய்க்கு வாய் 'அண்ணி' என்று கூப்பிடப் போய், முதலாளியைத் தவிர லேப்பில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாரை அந்த வேலைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

போன வெள்ளிக்கிழமை நாத்தனார் மாட்டிக்கொண்டாள். "கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்தியா? உனக்கெல்லாம் எவன்மா வேலை குடுத்தான்?" என்றார் முதலாளி, வேலை கொடுத்தவர் தான்தான் என்பதை மறந்து. மெருகு போடுகிறவர் தன் தலை தப்பினால் போதும் என்று, "எப்பவுமே அவசரக் குடுக்கை சார் இது" என்று எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் கைப்பையைக் கவிழ்த்தாள். விரிசல் விட்ட அச்சுகள் இரண்டு துணியிலிருந்து உருண்டன. ஒருவருக்கும் தெரியாமல் மறுபடி ஊற்றிவிட்டு, இவற்றை ஒளித்து வைத்திருக்கிறாள்.

"ஏன்டி விரிசல் விட்டுது?"

"தெரியல அண்ணி. லேப்புல சொன்னா, ஏன்னு கேப்பாங்களா? யாருன்னுதானே கேப்பாங்க. நான் இனிமே வரல."

அண்ணி அச்சுகளைப் பொறுக்கி எடுத்தாள். ஒரு பெண் தப்பைத் திருடின பொருள் மாதிரிப் பையில் சுமந்துகொண்டு அலைவதா? திங்கட்கிழமை காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் முதலாளி அறைக்குள் போனாள்.

"சார், தட்டு இதே மாதிரி நடந்தா நான் உக்கார மாட்டேன்."

"பின்ன எப்படிம்மா நடக்கணும்? பாட்டுப் பாடணுமா?"

"மூணே கேள்வி போதும். பல்லுல என்ன தெரியுது? ஏன் அப்படி ஆகியிருக்கும்? அடுத்த தடவை என்ன மாத்தணும்? யாரு பண்ணதுன்னு கேக்கக் கூடாது. நீங்க கடைசியாத்தான் பேசணும்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, இந்த வாரம் நீயே நடத்து. சொதப்பிச்சுன்னா உன் நாத்தனார் வீட்டோட இருக்கட்டும்."

"நடத்துறேன்" என்றாள் அண்ணி. இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் என்று நாத்தனாரையும் கெஞ்சி இழுத்து வந்தாள்.

அந்த வாரம் தட்டில் ஒரே ஒரு கடைவாய்ப் பல். அண்ணி அதை இடுக்கியில் எடுத்தாள். எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. அவள் லீவில் இருந்த அன்று, அவசரம் என்று அவளுடைய இடத்தில் உட்கார்ந்து தூரிகை பிடித்தவர் முதலாளி. பள்ளங்களை இவ்வளவு ஆழமாக வெட்டி, அடியில் பழுப்பு அப்புவது அவர் கை மட்டும்தான். மேசையின் அந்தக் கோடியில் கண்ணாடி போடாமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதாக நினைப்பார்களாம்.

அண்ணி பல்லைச் சுற்றுக்கு விட்டாள். "என்ன தெரியுது? பாத்ததை மட்டும் சொல்லுங்க."

பல் இரண்டு கை மாறியது. பிறகு மெருகுக்காரர், "நிறம் தூக்கலா இருக்கு" என்றார். இன்னொருவர், "கடிக்கிற இடம் உயரம்" என்றார். குரல்கள் மெல்ல இயல்பாயின.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு கேவலமா யாரு பண்ணது?"

"அது கேள்வியில இல்ல சார்."

"எனக்குப் பேர் வேணும்."

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் தப்பிப்பாள், வருஷம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது அண்ணிக்கு. ஆனால் இன்றைக்கு அவர் பேரைச் சொன்னால், அடுத்த வாரம் இன்னொரு பேரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"சொல்ல மாட்டேன்."

"அப்போ தெரியும் உனக்கு! உன் நாத்தனாரைக் காப்பாத்துற. ரெண்டு பேரும் கிளம்புங்க!"

"கிளம்புறோம். எடுத்த வேலைய முடிச்சிட்டுக் கிளம்புறோம்." எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். பல்லையும் பூதக்கண்ணாடியையும் அவர் கையில் திணித்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க சார். என்ன தெரியுது?"

முதலாளி வீறாப்பாக ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். பல்லைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். காது மடல் சிவந்தது. அண்ணியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"பள்ளம்... ஆழம் அதிகம்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"ஏன் ஆகியிருக்கும்?"

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. "உயரத்துக்குக் காரணம் அச்சா இருக்கலாம்" என்றாள் நாத்தனார். குரல் நடுங்கினாலும் நிறுத்தவில்லை. "நான் ஊத்துனது. புது மூட்டை மாவு சீக்கிரம் இறுகுது. ரெண்டு அச்சு விரிசலும் விட்டுச்சு. பயந்துக்கிட்டு ஒளிச்சு வெச்சேன்."

"புது மாவு என் மெழுகுலயும் ஒட்டுது" என்றார் மெழுகு வேலை பார்ப்பவர். இத்தனை நாள் அவரும் வாய் திறந்ததில்லை.

முதலாளி பல்லைத் தட்டில் வைத்தார். "பள்ளம் வெட்டி நிறம் போட்டது நான்" என்றார். "டியூப் லைட்டுல பாத்தேன். பகல் வெளிச்சத்துல பாத்திருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று அண்ணி கண்ணாலேயே சொல்லிவிட்டிருந்தாள். மூட்டையை மாற்றுவது, நிறத்தை ஜன்னலோரம் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவள் தன் கைப்பையையும் நாத்தனாரின் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கிளம்பச் சொன்னீங்களே சார்."

"அது ஏதோ கோவத்துல வாய் தவறி..."

"அப்படின்னா அதையும் அடுத்த வெள்ளிக்கிழமை தட்டுல வைங்க" என்றாள் அண்ணி. "எல்லாரும் உக்காந்து பேசுவோம். யாரு சொன்னதுன்னு மட்டும் கேக்க மாட்டோம்."