கடைசியாகச் சொன்னது

ஐந்தே காலுக்கு எழுகிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். ஒரு குவளை எனக்கு, ஒரு குவளை அத்தைக்கு. அத்தை என்றால் செல்லம்மா, என் மாமியார். என் மனைவி யுவனேஸ்வரி இறந்து பதின்மூன்று மாதமாகிறது. நான் இன்னும் அவள் அம்மாவின் தோட்டத்து லைன் வீட்டில்தான் இருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. அத்தை ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டு, காலைப் பூட்சுக்குள் நுழைப்பார். இடது பூட்சில் குதிகாலுக்கு மேல் ஒரு கிழிசல், போன வருடத்தது. பனி இறங்கிய தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தால் ஏழு மணிக்குள் கால் நனைந்துவிடும். பை இருந்தால் ஒன்பது வரை தாங்கும். கேட்டால் இன்னும் ஓடும் லா என்பார். நான் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வளைவில் லோரி ஹாரன் அடிக்கும். அவர் போனதும் குவளைகளைக் கழுவி வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானா ராத்தா டவுனுக்கு இறங்குகிறேன்.

என் கடை மாடியில். கீழே ஒரு சாமான் கடை. அதன் முகப்பில் ரப்பர் பூட்ஸ் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அதைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

பதாகை, கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி எல்லாம் செய்து கொடுக்கிறேன். நினைவஞ்சலிதான் அதிகம். இந்த மலையில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாளுக்கு ஒன்று, ஆண்டு முடிந்தால் ஒன்று. பேப்பருக்கும் வேண்டும், வாட்சப்புக்கும் வேண்டும். படம், பெயர், தோற்றம், மறைவு, நான்கு வரி, கீழே குடும்பத்தார். படத்தை வெட்டிப் பின்னால் மேகம் வைப்பது என் வேலை. நான்கு வரி யுவாவின் வேலை. அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். வந்தவர்களை உட்கார வைத்து, நோட்டில் ஐந்து தலைப்பு எழுதிக்கொள்வாள். பெயர், வயது, செய்த வேலை, பிடித்த சாப்பாடு, கடைசியாகச் சொன்னது. ஐந்தாவதைக் கேட்கும்போது பேனாவை மூடிவிடுவாள். அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் திறப்பாள். பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சாக இருக்கும். விசிறியை அணை. கோழிக்குத் தீனி போட்டாயா. அதை அவள் வரிகளில் சேர்க்க மாட்டாள். ஆனால் அதைக் கேட்ட பிறகு அவள் எழுதியது அந்த ஓர் ஆளைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது.

அவள் போன பிறகு இரண்டு மாதம் கடையைத் திறக்கவில்லை. திறந்தபோது எனக்கு எழுத வரவில்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஏஐயிடம் அவளுடைய ஐந்து தலைப்பையும் கொடுத்தேன். ஐந்தாவதைக் காலியாக விட்டேன், அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு நொடியில் நான்கு வரி வந்தது. எதுகை சரியாக இருந்தது. படித்தவர் அழுதார். அடுத்து வந்தவரும் அழுதார். பதினோரு மாதமாக யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. சில நேரம் அந்தக் காலி இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். இறந்தவர் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்து மேற்கோள் குறியும் போட்டுவிடும். அதை நான் நீக்கிவிடுவேன்.

யுவாவுக்கு மட்டும் நீக்கவில்லை. முதலாண்டு நினைவஞ்சலியை நான்தான் எழுத வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார். மூன்று நாள் வெற்றுத் திரையைப் பார்த்தேன். நான்காம் நாள் நான்கு தலைப்பை நிரப்பினேன். ஒரே மகள், தாய் தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று சேர்த்தேன். வந்ததை முழுதாகப் படித்தேனா என்று நினைவில்லை. பேப்பருக்கு அனுப்பிவிட்டேன். நான்கு வரிக்குக் கீழே, அவள் கடைசியாகச் சொன்னது என்று போட்டிருந்தது. “அழாதே அம்மா, இந்த மலையின் பனியில் நான் இருப்பேன்.”

நாலு நாள் காய்ச்சலில் அவளை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அத்தை மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது முகம்வரை துணி மூடியிருந்தது. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒரு வருடமாக அவர் கேட்கவில்லை. பேப்பரைப் பார்த்த அன்றுதான் கேட்டார்.

“இப்படியா தம்பி சொன்னா?”

ஆமாம் என்றேன். அன்று அவர் இரண்டாம் முறை சோறு போட்டுத் தின்றார்.

மறுநாளே அதை வெட்டி லேமினேட் செய்யச் சொன்னார். லோரியில் வரும் பெண்களுக்கெல்லாம் அது மனப்பாடம். இப்போது தோட்டத்து இடுகாட்டில் யுவாவுக்குக் கல் கட்டுகிறோம். அதிலும் அந்த வாசகம்தான் இருக்க வேண்டும் என்பது அத்தையின் முடிவு. இன்று காலை, ஈப்போவில் கல் வெட்டும் மகேன் படம் அனுப்பியிருந்தான். கறுப்புக் கல்லில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. நாலு மணிக்கு வெட்டப் போகிறானாம், பார்த்து ஓகே சொல்ல வேண்டுமாம், வெட்டினால் அழிக்க முடியாதாம். அவனுக்குப் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து மணிக்கு நாகப்பன் வந்தார். கம்போங் ராஜாவில் தக்காளி போடுகிறவர். அப்பா ஆண்டியப்பனுக்குப் பதினாறாம் நாள் வருகிறது.

“படத்துல தலைக்குக் கொஞ்சம் முடி வச்சி விடு லா. போன எடத்துலயாச்சும் சீப்பு வாங்கட்டும்.”

வைத்தேன். அவர் சிரித்தார், பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர், வயது, வேலை, சாப்பாடு கேட்டுத் தட்டினேன். நான்கு வரி வந்தது. மலைபோல் உயர்ந்தவர், மழைபோல் பொழிந்தவர். நாகப்பன் இரண்டு முறை படித்தார். நல்லா இருக்கு என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“அவ்ளதானா?”

“வேற என்னண்ணே?”

“இல்ல, யுவா தங்கச்சி இருந்தா ஒண்ணு கேக்கும். எங்கம்மாவுக்குக் கேட்டிச்சி. கடைசியா என்ன சொன்னாங்கன்னு. நீயும் கேப்பேன்னு நெனச்சி ரெண்டு நாளா யோசிச்சி வச்சிருந்தேன்.”

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். சொல்லுங்கள் என்றேன்.

“‘டேய், தக்காளிக்குத் தொறந்த தண்ணி அப்டியே ஓடுது’ன்னாரு. நான் போயி அடச்சிட்டு வந்தேன். வந்து பாத்தா ஆளு போயிட்டாரு.”

அவர் தம் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கில் மண் இருந்தது. இந்த நாலு வரியே போதும், இதையே போடு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வரும்போது இருந்ததைவிட அவர் நடை லேசாக இருந்ததாகத் தோன்றியது. அது என் நான்கு வரியால் அல்ல.

மூன்று மணிக்குக் கடையைப் பூட்டினேன். சாமான் கடை முன் நின்றேன். தொங்கிய பூட்ஸைப் பார்த்தேன், வாங்காமல் மோட்டாரை எடுத்தேன். கியா பார்மில் சுற்றுலா வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வீட்டுக்கு வந்தபோது நாலாக இருபது நிமிடம். அத்தை படியில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். பை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டாயே, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அத்த, பேப்பர்ல போட்டது யுவா சொன்னதில்ல.”

“பின்ன?”

“கம்ப்யூட்டர் எழுதினது. எடுத்துருக்கணும். எடுக்கல. நீங்க கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்.”

அவர் பூட்ஸை நிமிர்த்திச் சுவரோரம் வைத்தார். உள்ளே சட்டமிட்ட யுவாவின் படத்துக்குக் கீழே லேமினேட் செய்த துண்டு தொங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காலிலிருந்து பையைக் கழற்றி, இரண்டாக மடித்து, நாலாக மடித்தார்.

“லோரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே தம்பி.”

“தெரியும்.”

“தெனமும் படிச்சிட்டுத்தான் படுக்குறேன்.”

“தெரியும் அத்த.”

என் போன் அதிர்ந்தது. மகேன். எடுக்கவில்லை. அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பனி லைனுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, எதிர் வீட்டுக் கொடியில் துணி மங்கிப்போயிருந்தது.

“நீ கூடத்தானே இருந்த?”

“இருந்தேன்.”

“அப்ப எம் மவ என்னதான் சொன்னா?”

அதை நான் பதின்மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அத்தையிடம் சொன்னேன். வார்டில் மணி பத்தேகால். யுவா மூக்கின் மேலிருந்த மாஸ்க்கைக் கையால் நகர்த்தினாள். நர்ஸ் வைக்கச் சொன்னாள். இரு என்று யுவா விரலைக் காட்டினாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மா பூட்ஸ் கிழிஞ்சிருச்சி. ஆறாம் நம்பர். நீ மறந்துருவ, இப்பவே போன்ல எழுதிக்க.”